கழுத்துக் கறுப்பு அழுக்கல்ல

“பீர்க்கம் நாரால் தேய்த்தும் போகவில்லை, தேசிக்காய்ப்புளி பூசியும் போகவில்லை, கடையில் வாங்கிய கிறீமும் போட்டுப் பார்த்தாயிற்று, சுவாமி.” பிள்ளையின் பிடரியைத் திருப்பிக் காட்டித் தாய்மார் இப்படி முறையிடுவதைக் கண்டியைச் சுற்றியுள்ள குடியேற்றங்களிலும், லயன்களிலும், நகரத்து வாடகை அறைகளிலும் இப்போது கேட்கிறோம். கழுத்தைச் சுற்றி ஒரு கறுத்த பட்டி, சட்டைக் கொலருக்கு மேலே தெரியும். கிட்டப் போய்ப் பார்த்தால் வெறும் நிறமாற்றம் மாத்திரமல்ல. தோலே தடித்து, வெல்வெட் துணியைப் போல மெத்தென்று, மடிப்பு மடிப்பாக இருக்கும். கமக்கட்டிலும் தொடை இடுக்கிலும் அதே கறுப்பு. சில பிள்ளைகளுக்கு விரல் மொளிகளிலும் முழங்கையிலும் கூடக் காணலாம்.

இந்தக் கறுப்பினால் பிள்ளை படும் பாட்டைப் பெரியவர்கள் பொதுவாகக் கவனிப்பதில்லை. வகுப்பில் “குளிக்காத பிள்ளை” என்ற பெயர் வந்துவிடுகிறது. பக்கத்தில் இருக்கும் பிள்ளை சற்றுத் தள்ளி உட்காருகிறது. வீட்டுக்கு வந்தால் குழாயடியில் தோல் சிவக்கச் சிவக்கத் தேய்க்கிறார்கள். ஊரை விட்டு வந்த குடும்பங்களுக்கு இது இன்னும் கூடுதலாக வலிக்கும். “முகாம் ஆட்கள்”, “லயத்து ஆட்கள்” என்று சுத்தத்தைக் காரணம் காட்டி ஒதுக்கப்பட்ட அனுபவம் எமது மக்களுக்கு ஏற்கெனவே உண்டு. ஆகவே, பிள்ளையின் கழுத்தில் ஒரு கறுப்பைக் கண்டதும் தாய்க்கு வருவது வெட்கம். அந்த வெட்கத்தினால் அதை மறைக்கவே பார்க்கிறார், வைத்தியரிடம் காட்டுவதில்லை.

எனவே ஒரு விடயத்தை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுவோம். இது அழுக்கு அல்ல. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதும் அல்ல. சவர்க்காரத்திற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. உடல் பருத்த பிள்ளையின் கழுத்தில் இது தோன்றினால், பெரும்பாலும் அந்தப் பிள்ளையின் இரத்தத்தில் இன்சுலின் எனும் ஓமோன் அளவுக்கு மீறிச் சுரந்துகொண்டிருக்கிறது என்பதே அதன் பொருள். சலரோகம் வருவதற்குப் பல வருடங்களுக்கு முன்னரே உடல் தரும் அறிவித்தல் இது. மருந்துக் கடையிலோ ஆய்வுகூடத்திலோ பணம் கட்டிப் பெற வேண்டிய செய்தியுமல்ல, பகல் வெளிச்சத்தில் பிள்ளையின் தலைமயிரை ஒதுக்கிப் பார்த்தால் போதும்.

மருத்துவர்கள் இதனை ‘அகந்தோசிஸ் நிக்ரிகன்ஸ்’ என்பார்கள். கிரேக்கத்தில் ‘அகந்தா’ என்றால் முள். ஆண்டவரின் முள்முடியைச் சொல்லும்போது நற்செய்தியாளர் எழுதிய அதே சொல்தான். ‘நிக்ரிகன்ஸ்’ என்பது இலத்தீன். கறுத்துப் போவது என்று பொருள். தோலில் முட்கலப் படை என்று ஒரு படை உண்டு, அது தடித்துவிட்டது என்ற எண்ணத்தில் வைத்த பெயர். 1890ஆம் ஆண்டளவில் பொலிட்சர், யானொவ்ஸ்கி என்ற இரு தோல் வைத்தியர்கள் இதனை முதலில் விபரித்தார்கள். அதன் பின்னர் நெடுங்காலம் இது வயது வந்தோரின் உள்ளுறுப்புப் புற்றுநோயோடு சேர்த்தே பேசப்பட்டது. இன்சுலினோடு இதற்குள்ள உறவை 1976இல் அமெரிக்காவில் ரொனால்ட் கான், ஜெப்ரி பிளையர் முதலிய ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினர். இரத்தத்தில் இன்சுலின் ஏராளமாக இருந்தும் அது வேலை செய்யாத சில நோயாளிகளிடம் இதே கறுப்பை அவர்கள் கண்டார்கள்.

மதகும் விதானையும்

வயல் செய்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். நாம் உண்ணும் சோறும் பாணும் சீனியும் வயிற்றில் குளுக்கோசாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. இரத்தத்தை வாய்க்கால் என்று வைத்துக் கொள்ளுங்கள். தசை, ஈரல், கொழுப்பு ஆகியவை வயல்கள். ஒவ்வொரு வயலுக்கும் ஒரு மதகு உண்டு. வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் விதானை போய் மதகைத் திறந்துவிட வேண்டும், அப்போதுதான் வயலுக்குள் தண்ணீர் பாயும். அந்த விதானைதான் இன்சுலின். வயிற்றின் பின்புறமாக உள்ள சதையி (இந்தியாவில் கணையம் என்பார்கள்) இவரை அனுப்பி வைக்கிறது.

உடலில், விசேடமாக வயிற்றுப் பகுதியில், கொழுப்புச் சேர்ந்து, கால் கைகளுக்கு வேலையும் இல்லாமல் போனால் மதகுகள் துருப்பிடிக்கின்றன. ஒரு விதானை தள்ளித் திறக்க முடிவதில்லை. சதையி இரண்டு பேரை அனுப்புகிறது, பிறகு ஐந்து பேரை, பிறகு பத்துப் பேரை. பத்துப் பேர் சேர்ந்து தள்ளினால் மதகு திறக்கத்தான் செய்யும். ஆகையால் அந்த நேரத்தில் இரத்தத்தில் சீனி சோதித்தால் அளவு சரியாகவே காட்டும். “ஒன்றுமில்லை” என்று நாமும் வீட்டுக்கு வந்துவிடுவோம். இந்த நிலைக்கு இன்சுலின் எதிர்ப்பு என்று பெயர்.

வாய்க்கால் கரையில் இவ்வளவு பேர் கூடி நின்றால் சும்மா நிற்பார்களா? தோலின் கலங்களில் வேறு சில வாசல்கள் உண்டு. அவை இன்சுலினுக்கு உரியவை அல்ல, இன்சுலினை ஒத்த இன்னொரு வளர்ச்சி ஓமோனுக்கு உரியவை. சாதாரண அளவில் இருக்கும்போது இன்சுலின் அந்த வாசல்களைப் பெரிதாகத் தொடுவதில்லை. அளவு மிஞ்சினால் அவற்றையும் தட்டுகிறது. “வளர்” என்ற கட்டளை தோலுக்குப் போய்விடுகிறது. கழுத்து, கமக்கட்டு முதலிய மடிப்பு இடங்களில் தோல் பெருகி, தடித்து, சுருக்கு விழுகிறது. நாம் காணும் கறுப்பில் பெரும் பங்கு நிறப்பொருளினால் வருவதல்ல, இந்தத் தடிப்பினால் வருவது. அதனால்தான் தேசிக்காய்க்கும் கிறீமுக்கும் அது அசைவதில்லை. நாரினால் தேய்க்கத் தேய்க்கத் தோல் தன்னைக் காப்பாற்ற இன்னும் தடிக்கும், அவ்வளவுதான். அதே இடத்தில் சின்னச் சின்ன மருப் போலத் தோல் துண்டுகள் தொங்குவதும் உண்டு.

பத்துப் பேரை அனுப்பும் சதையி எவ்வளவு காலம் தாக்குப் பிடிக்கும்? ஒரு நாள் அதற்குக் களைத்துவிடும். அன்றுதான் இரத்தத்தில் சீனி ஏறும், அன்றுதான் நாம் “சலரோகம் வந்துவிட்டது” என்கிறோம். வந்தது அன்றல்ல.

“பிள்ளைக்குச் சலரோகமா?” என்று கேட்பவர்கள் உண்டு. இன்சுலின் சுரப்பதே அற்றுப்போவதால் பிள்ளைகளுக்கு வரும் முதலாம் வகைச் சலரோகம் வேறு. நாம் பேசுவது, பெரியவர்களின் வருத்தம் என்று கருதப்பட்ட இரண்டாம் வகையைப் பற்றி. 2003ஆம் ஆண்டில் சென்னையில் டொக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையிலான குழுவினர் பதினைந்து வயதைத் தாண்டாத நகர்ப்புறப் பிள்ளைகளிடம் இந்த இரண்டாம் வகையைக் கண்டு எழுதினார்கள். கொழும்பிலும் பருத்த சிறுவரிடம் இன்சுலின் எதிர்ப்பு உள்ளதைச் சிறுவர் வைத்திய நிபுணர்கள் ஆராய்ந்து வெளியிட்டுள்ளனர். எமது நாட்டில் 2018, 2019ஆம் ஆண்டுகளில் நடந்த ஆய்வின்படி வயது வந்தோரில் ஐவரில் ஒருவருக்கு மேல் சலரோகம் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகள்தான் இவர்கள். இளமையில் வரும் வகை மெதுவானது என்று எண்ணவும் வேண்டாம். சிறுவயதில் இரண்டாம் வகைச் சலரோகம் வந்தவர்களை அமெரிக்காவில் தொடர்ந்து அவதானித்த ஓர் ஆய்வின் முடிவு 2021இல் வெளிவந்தது. சராசரியாக 26 வயதை எட்டியபோது அவர்களில் 100க்கு 60 பேருக்குக் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்றிலேனும் பாதிப்பு ஏற்பட்டிருந்தது. 26 வயது, எமது வீடுகளில் உழைக்கத் தொடங்கித் தங்கையின் கலியாணத்துக்குச் சேர்க்கும் வயது.

பசித்த கருவும் கொழுத்த பிள்ளையும்

“நாங்கள் பட்டினி கிடந்த சனம். எங்கள் பிள்ளைகளுக்குப் பணக்கார வருத்தம் எப்படி வரும்?” என்ற கேள்வி நியாயமானது. பதில்தான் கசப்பானது. பட்டினி கிடந்ததும் ஒரு காரணம்.

இந்தியாவில் பூனே நகரின் கே.ஈ.எம். வைத்தியசாலையைச் சேர்ந்த டொக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் 1993 முதல் சுற்றுவட்டக் கிராமங்களின் தாய்மாரையும் பிள்ளைகளையும் தொடர்ந்து ஆராய்ந்தார். அக்கிராமத்துக் குழந்தைகளின் சராசரிப் பிறப்பு நிறை சுமார் 2.7 கிலோ. இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டால் மிகச் சிறியவை. ஆனால் அளந்து பார்த்தபோது, குறைந்திருந்தது தசையும் உறுப்புகளும். தோலின் கீழுள்ள கொழுப்பு அந்தளவுக்குக் குறையவில்லை. மெலிந்த குழந்தைக்குள் ஒரு கொழுத்த குழந்தை! பிரித்தானியாவில் ஹேல்ஸ், பார்க்கர் என்ற இருவர் 1992இல் முன்வைத்த கருத்தும் இதனோடு ஒத்துப்போகிறது. கருப்பையில் உணவு போதாத பிள்ளையின் உடல் சிக்கனத்துக்குப் பழகிக்கொள்கிறது. கிடைத்ததைச் சேமித்து வைக்கும். பஞ்சத்தில் பிறந்து பஞ்சத்தில் வளர்ந்தால் அந்தச் சிக்கனம் உயிரைக் காக்கும். பஞ்சத்தில் உருவாகிப் பாணுக்கும் சீனிக்கும் நடுவில் வளர்ந்தால் அதே சிக்கனம் உடலைக் கெடுக்கும்.

எமது குடும்பங்களின் கதையை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விக்டோரியா நீர்த்தேக்கம் 1980களின் நடுப்பகுதியில் நிரம்பியபோது பழைய தெல்தெனிய நகரும் தும்பறைப் பள்ளத்தாக்கின் வயல்களும் நீருக்குள் போயின. 1977, 1983 வன்செயல்களில் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் கமம் செய்தவர்கள், போரினால் மீண்டும் மூட்டை கட்டினார்கள். வடக்கிலிருந்து வந்து கண்டியிலேயே தங்கிவிட்டவர்களும் இருக்கிறார்கள். மண்சரிவு அபாயம் என்று லயத்தை விட்டு இறக்கப்பட்டவர்களும் உண்டு. காரணங்கள் வேறு வேறு, ஆனால் அடுப்படியில் நடந்த மாற்றம் ஒன்றுதான். வயல் இருந்தவரை சோற்றோடு கீரை, குளத்து மீன், வேலியோரத்து முருங்கை, சேனையின் குரக்கன், கௌபி, பயறு. வயல் போனபின் நிவாரண அட்டைக்கு அரிசி, மா, பருப்பு, சீனி. அட்டை நின்ற பிறகும் நாக்கு அந்தப் பழக்கத்தை விடவில்லை. கோதுமை எமது மண்ணில் விளைவதேயில்லை. இருந்தும், 1980இல் திருகோணமலையில் பெரும் மா ஆலை இயங்கத் தொடங்கிய பின்னர் காலையில் பாண், பின்னேரம் பணிஸ், இரவில் ரொட்டி என்று மூன்று வேளையும் அந்த மாவே எமது சட்டியில் ஏறிவிட்டது. தோட்டத்து மக்களுக்கு இது புதிய கதையுமல்ல. மா ரொட்டியைத் தேத்தண்ணீரில் தோய்த்துக் காலையை ஓட்டியவர்கள் அவர்கள். நிறை குறைந்த குழந்தைகள் பிறக்கும் வீதமும் தோட்டப்புறங்களில் நாட்டின் சராசரியை விட அதிகம்.

கால்களும் ஓய்ந்துவிட்டன. கிராமத்துப் பிள்ளை மாட்டின் பின்னால் ஓடியது, தண்ணீர் சுமந்தது, குளத்தில் நீந்தியது. நகரத்தில் இரண்டு அறை வீட்டுப் பிள்ளை எங்கே ஓடும்? வாசலில் இறங்கினால் கட்டுகஸ்தோட்டை வீதியின் பஸ். பாடசாலை விட்டால் டியூஷன், டியூஷன் விட்டால் தொலைபேசித் திரை. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கிவிட்டால் பத்து வயதுப் பிள்ளையை ஞாயிற்றுக்கிழமையும் கதிரையில் கட்டி வைக்கிறோம். படிப்பு ஒன்றே எங்களுக்கு மிஞ்சிய சொத்து என்ற பெற்றோரின் எண்ணம் எனக்கு விளங்காமலில்லை. என்றாலும் நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாவது பிள்ளை மூச்சு வாங்க ஓடி விளையாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது பணக்காரப் பிள்ளைகளுக்கு மாத்திரமல்ல.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பட்டினியைக் கண்ட தாய்க்குக் கொழுத்த பிள்ளை ஒரு வெற்றி. முகாமில் தன் தம்பி எலும்பும் தோலுமாகக் கிடந்ததைப் பார்த்தவர், மகன் கொழுகொழுவென்று இருப்பதைக் கண்டு பூரித்துப் போகிறார். பால்மா விளம்பரமும் அதையே காட்டுகிறது. அப்படிப்பட்ட தாயிடம் “உன் பிள்ளை குண்டு” என்று யாரும் சொன்னால் அது இரக்கமற்ற பேச்சு. அந்தத் தாயைக் குறை சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை.

நூல் ஒன்று போதும்

பிள்ளையின் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டுங்கள். உச்சந்தலை முதல் குதிக்கால் வரை, சுவரோடு நிறுத்தி அளக்க வேண்டும். அந்த நூலை இரண்டாக மடியுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்ட நிலையில், மடித்த நூலை வயிற்றைச் சுற்றிப் பிடியுங்கள். இரண்டு முனையும் சந்தித்தால் நல்லது. சந்திக்காமல் இடைவெளி விழுந்தால், வயிற்றில் கொழுப்புக் கூடுகிறது என்று எடுத்துக் கொள்ளலாம். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இது பொருந்தும். பெரியவர்களும் தங்களுக்குச் செய்து பார்க்கலாம். சில அப்பாமார் இந்த விளையாட்டுக்கு வரமாட்டார்கள், விட்டுவிட வேண்டாம்.

வயிறும் பருத்து, கழுத்தும் கறுத்திருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். வெறும் வயிற்றில் எடுக்கும் இரத்தத்தில் சீனி 100 மில்லிகிராமுக்குக் குறைவாக இருப்பது சரியான அளவு. 100 முதல் 125 வரை இருந்தால் எல்லைக்கோடு. 126ஐத் தொட்டால் மீண்டும் சோதித்துச் சலரோகமா என்று உறுதி செய்வார்கள். அளவு சரியாக வந்தாலும், முன்னே சொன்ன பத்து விதானைமாரை மறக்க வேண்டாம். கறுப்பு இருக்கும்வரை கவனமும் இருக்க வேண்டும், சோதனையை வைத்தியர் சொல்லும் இடைவெளியில் திரும்பச் செய்ய வேண்டும். பிள்ளை பிறந்தபோது எத்தனை கிலோ, தாய்க்குக் கர்ப்ப காலத்தில் சீனி இருந்ததா, தாத்தா பாட்டிக்குச் சலரோகம் உண்டா என்பவற்றையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். பிறப்பு நிறை மருத்துவமாது தந்த பதிவுப் புத்தகத்தில் இருக்கும். இடம்பெயர்ந்த வழியில் எத்தனையோ கடதாசிகள் தொலைந்தன. அந்தப் புத்தகம் இன்னும் கையில் இருந்தால் பத்திரமாக வைத்திருங்கள்.

பிள்ளைக்குக் கடும் தாகம், அடிக்கடி சலம் போதல், இரவில் படுக்கையில் சலம் போதல், சாப்பிட்டும் மெலிதல், வாந்தி, மூச்சு வாங்குதல் என்பன இருந்தால் கிளினிக் நாள் வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். கண்டி தேசிய வைத்தியசாலையிலோ, பேராதனையிலுள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலையிலோ இதற்குப் பணம் கேட்க மாட்டார்கள்.

கறுப்பு உள்ள எல்லோருக்கும் சலரோகம் வரப்போகிறது என்றும் எண்ணிப் பயப்பட வேண்டாம். சில குடும்பங்களில் பரம்பரையாகவே இது வரும். சில மருந்துகளாலும் வரும். சங்கிலி உரசுவதாலும் கழுத்து கறுக்கும், ஆனால் அங்கே வெல்வெட் போன்ற தடிப்பு இராது. தேமல் வேறு. பருவமடைந்த பெண்பிள்ளைக்கு இந்தக் கறுப்போடு மாதவிடாய் ஒழுங்கீனமும் முகத்தில் மயிர் வளர்ச்சியும் இருந்தால் வெட்கப்படாமல் அதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும், இன்சுலின் மிகுதி சூலகத்தையும் குழப்பும். மெலிந்த உடம்புள்ள பெரியவர் ஒருவருக்குத் திடீரென்று இது தோன்றி விரைவாகப் பரவினால் தாமதிக்காமல் காட்ட வேண்டும். அந்தப் பழைய புற்றுநோய்த் தொடர்பு அரிதானது என்றாலும் பொய்யல்ல.

கிறீம்களைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பெயர், விலாசம், உள்ளடக்கம் எதுவும் ஒழுங்காக இல்லாமல் விற்கப்படும் வெண்மையாக்கும் கிறீம்கள் சிலவற்றில் பாதரசம் இருப்பது இலங்கையில் நடந்த சோதனைகளில் கண்டறியப்பட்டுள்ளது. பாதரசம் சிறுநீரகத்தைத் தாக்கும். வேறு சிலவற்றில் கடுமையான ஸ்டீரொயிட் மருந்து கலந்திருக்கும், அது தோலை மெலிய வைத்துப் புண்ணாக்கும். சலரோகத்தின் முன்னறிவித்தலை அழிப்பதற்காகப் பிள்ளையின் தோலில் விஷத்தைப் பூசுகிறோம், அதுவும் மாதச் செலவில் ஒரு பங்கைக் கொடுத்து.

அப்படியானால் கறுப்பு போகுமா? போகும். இன்சுலின் இறங்க இறங்கத் தோலும் மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு வரும். வாரக் கணக்கில் அல்ல, மாதக் கணக்கில். பிள்ளை வளர்கிறபடியால் பலருக்கு நிறையைக் குறைக்கக் கூடத் தேவையில்லை. ஏறாமல் பிடித்து வைத்தால், உயரம் கூட உடல் தானாகச் சீராகும். ஆகவே பட்டினி போடாதீர்கள். சோற்றை நிறுத்தாதீர்கள். வளரும் பிள்ளைக்கு வயிறு நிறைய வேண்டும், எதனால் நிறைகிறது என்பதே கேள்வி.

முதலில் கைவைக்க வேண்டியது சீனித் தண்ணீரில். நாளொன்றுக்கு 25 கிராமுக்குக் குறைந்த சீனி, அதாவது ஐந்து ஆறு தேக்கரண்டி, ஒரு பிள்ளைக்கு அதிகபட்சம். இரண்டு கரண்டி போட்டு மூன்று கோப்பை தேத்தண்ணீர் குடித்தாலே கணக்கு முடிந்துவிட்டது. அதற்கு மேல் ஒரு சிறிய சோடாப் போத்தல் என்றால் இன்னொரு நாளுக்குரிய சீனியும் உள்ளே போகிறது. 2016இல் வந்த சட்டவிதிப்படி இத்தகைய பானப் போத்தல்களில் நிற அடையாளம் இடப்பட வேண்டும். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. வாசிக்கத் தெரியாத பாட்டியும் சிவப்பைக் கண்டு திருப்பிக் கொடுக்கலாம். பழச்சாறு என்று பெயர் போட்ட பெட்டிகளையும் அப்படியே திருப்பிப் பாருங்கள். தேத்தண்ணீரில் சீனியை ஒரேயடியாக நிறுத்தினால் வீட்டில் சண்டை வரும். வாரத்துக்கு அரைக் கரண்டி குறைத்து வந்தால் நாக்குக்குத் தெரியாமலே பழகிவிடும்.

அடுத்தது மா. மூன்று வேளை மாவை ஒரு வேளையாக்குங்கள். மற்ற வேளைகளுக்குத் தவிட்டுடன் கூடிய சிவப்பரிசிச் சோறோ, அவித்த கடலை, பயறு, கௌபியோ, குரக்கனோ. கண்டிப் பக்கத்தில் பலா மரத்துக்குக் குறைவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆதர் வி. டயஸ் என்ற பாணந்துறைத் தோட்டச் சொந்தக்காரர் நாட்டில் பஞ்சம் வந்துவிடக்கூடாது என்று ஊர் ஊராகப் பலாக்கன்று நாட்டுவித்தார், மக்கள் அவரைக் ‘கொஸ் மாமா’ என்றே அழைத்தார்கள். 2022 நெருக்கடியில் மாவும் பால்மாவும் தட்டுப்பட்டபோது அந்த மரங்களின் நிழலில்தான் பல குடும்பங்கள் தப்பின. நெருக்கடி தணிந்ததும் பலாக்காயை ஏழைச் சாப்பாடு என்று மறுபடி ஒதுக்கிவிட்டோம். அவித்த பலாக்காயும், பலாக்கொட்டைக் கறியும், தேங்காய்ப்பூச் சம்பலும், ஒரு பிடி வல்லாரையும் இருக்கும் தட்டு பணிஸ் தட்டைவிட ஏழையல்ல. அதிலும் அளவு வேண்டும், பலாவிலும் மாச்சத்து உண்டு. காணி இல்லையே என்பீர்கள். லயத்து வாசலில் பழைய உரப்பையில் மண் நிரப்பிப் பொன்னாங்காணி வளர்க்க ஏக்கர் தேவையில்லை, உங்கள் கைக்கு அந்த வேலை மறந்தும் போயிராது. பிள்ளையையும் கூட்டிக் கொண்டு செய்யுங்கள், தண்ணீர் சுமப்பதும் ஓர் உடற்பயிற்சி.

ஒன்று மட்டும், பருத்த பிள்ளைக்கு மாத்திரம் தனிச் சட்டி வைக்காதீர்கள். அண்ணனுக்குக் கேக், தம்பிக்குக் கீரை என்றால் தம்பி ஒளித்துத் தின்பான். வீடு முழுவதும் ஒரே சாப்பாடு. அப்பாவும் சேர்ந்துதான்.

மாத்திரையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: மெட்போர்மின் என்ற மருந்தைச் சில பிள்ளைகளுக்கு வைத்திய நிபுணர் கொடுப்பார். தாத்தாவின் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் பேரனுக்குக் கொடுப்பது வேறு விடயம், அது ஆபத்து.

பாடசாலைக்கும் இதில் பங்குண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிக்கோ எல்லையோரப் பாடசாலைகளில், பிள்ளைகளின் கண்ணையும் காதையும் சோதிக்கும்போதே கழுத்தையும் பார்க்க வேண்டும் என்று 1999இல் சட்டம் இயற்றினார்கள். எல்லை தாண்டி வந்த ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகள் நிறைந்த பகுதி அது. கறுப்புக் கண்டால் நிறை, உயரம், இரத்த அழுத்தம் பார்த்துப் பெற்றோருக்குக் கடிதம் கொடுப்பார்கள். எமது நாட்டில் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனையிலிருந்து வந்து 1, 4, 7, 10ஆம் வகுப்புப் பிள்ளைகளைச் சோதிக்கும் ஏற்பாடு ஏற்கெனவே உண்டு, சிறிய பாடசாலை என்றால் எல்லா வகுப்பையும் பார்ப்பார்கள். அந்த நாள் எது என்று அதிபரிடம் கேட்டு வையுங்கள். அன்று பிள்ளையைத் தலைவலி, பஸ் இல்லை என்று மறிக்காதீர்கள். கொலர் பொத்தானைக் கழற்றிக் கழுத்தையும் பார்க்கும்படி பிள்ளையே கேட்கட்டும், அல்லது ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். வகுப்பாசிரியருக்கும் தனியாக ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: இந்தப் பிள்ளை தினமும் குளிக்கிறது. பெற்றோரில் 35 வயதைத் தாண்டியவர்கள் அரசாங்க வைத்தியசாலைகளில் இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்தில் தங்களுடைய சீனியையும் இலவசமாகச் சோதித்துக் கொள்ளலாம். போகும்போது அடையாள அட்டையை எடுத்துச் செல்லுங்கள், காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போங்கள்.